வள்ளம் என்றால் படகு இல்லை

இன்று காலையில் தாலுகா ஆபீசிலிருந்து செல்வி என்ற உதவியாளர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் பழைய உத்தரவு எதையாவது படித்துப் புரியாமல் முழிக்கும்போது ஆபீசில் யாராவது என் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை அவர் கொண்டுவந்தது பழைய உத்தரவு இல்லை, புதிது. மீனவர்கள் தங்கள் கலங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு. இப்போதெல்லாம் ஆணைகளைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நல்ல காரியம்தான்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். இந்த எடத்துல 'கலம்'னு போடவா, 'படகு'ன்னு போடவா? எது நல்ல தமிழ்?" என்று கேட்டார்.

நாளைக்கு வாம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு சொல்லில் ஒன்றைச் சொல்ல இந்தக் கிழவனுக்கு ஒரு நாள் வேண்டியிருக்கிறதே என்று அந்தப் பெண் நினைத்திருக்கும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு கரையையே என்ன செய்தார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னால் கோபம் தலைக்கேறிவிடும், டாக்டர் வேறு திட்டுகிறார். அதனால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். பனங்காட்டுக்காரன். ஸ்கூல் பைனல் பாஸ் செய்துவிட்டு, யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மை தொட்டேன், நகல் எடுத்தேன், ஹெட் குமாஸ்தாவிடம் திட்டு வாங்கினேன். கையெழுத்து நன்றாக இருந்தது, இங்கிலீஷ் தடுமாறாமல் வந்தது. அதனால் தூத்துக்குடிப் பக்கம் புதிதாக வந்த சப்-கலெக்டர் துரையின் காம்ப் குமாஸ்தாவாக என்னைப் போட்டார்கள். துரை ஊர் ஊராகப் போய் மனு வாங்கும்போது, ஜனங்கள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை ஜனங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

துரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைக்காரத் துரை என்றதும் சவுக்கும் சுருட்டுமாக ஒரு ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் ஒல்லியான மனிதர். கண்ணாடி போட்டவர். குரலை உயர்த்திப் பேசி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தண்ணீர் கொடுக்கிற பியூனிடம் ஒவ்வொரு தடவையும் "நன்றி" என்பார். அந்தப் பியூன் பயந்துபோய், துரைக்கு என் மேல் ஏதோ கோபம் என்று என்னிடம் வந்து அழுதிருக்கிறான். தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். பேசினால் பாதிரிமார் பிரசங்கம் போல இருக்கும். "நீர் யாது வேண்டி வந்தீர்?" என்று கேட்பார். மனு கொடுக்க வந்த கிழவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "சாமி மந்திரம் சொல்லுதாவ" என்று என்னைப் பார்ப்பாள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. நான் மொழிபெயர்க்கும்போது ஜனங்கள் சொன்னதோடு ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. "அவன் என்ன நினைக்கிறான் என்று உன்னை நான் கேட்கவில்லை. அவன் என்ன சொன்னான், அதைச் சொல்" என்பார். ஒரு தடவை ஒருவன் திக்கித் திக்கிப் பேசினான். நான் பரிதாபப்பட்டு அவன் பேச்சை ஒழுங்காக்கிச் சொல்லிவிட்டேன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவன் இவ்வளவு நன்றாகப் பேசவில்லையே" என்றார். அதற்குப் பிறகு நான் அப்படிச் செய்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் நியாயம் என்று அப்போது மனதார நம்பினேன். இவரைப் போல நாலு பேர் இருந்தால் வெள்ளைக்காரன் ஆட்சியே நன்றாகத்தான் இருக்கும் என்றுகூட வீட்டில் சொல்லி, காந்தி கட்சிக்காரரான என் மைத்துனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதுச் சொல் என்றால் அவருக்கு உயிர். மரத்தைப் பார்த்தால் பெயர் கேட்பார், மீனைப் பார்த்தால் பெயர் கேட்பார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கரை ஊர். ஆலந்தலைக்கு அந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். ஊர்ப் பெயரை எழுதவில்லை, அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் காம்ப் அங்கே. மனு வாங்கி முடித்ததும் துரை கடற்கரைக்கு நடந்தார். சந்தியாகு என்ற மீனவர் தன் வள்ளத்தை மணலில் ஏற்றி, அடிப்பகுதிக்கு மீன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மலையாளத்துக் காட்டு மரத்தில் செய்து கடல் வழியாகக் கொண்டுவந்த வள்ளம். அணியத்தில், அதாவது முன்பக்கம், ஒரு சின்ன மரச்சிலுவை. பக்கத்தில் 'அலங்கார மாதா' என்று வெள்ளை எழுத்து.

"உம்முடைய படகு மிக அழகாக இருக்கின்றது" என்றார் துரை.

சந்தியாகு எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார். கரைக்காரர்களுக்குத் துரையும் ஒன்றுதான், தலையாரியும் ஒன்றுதான். "படகு இல்ல தொர. இது வள்ளம்" என்றார்.

துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வல்லம்."

"வல்லம் இல்ல. வள்ளம். நாக்க மேல மடக்கணும்."

"வல்லம். வள்... வள்ளம்."

"ஆங்! வந்துட்டு பாத்தியளா!" என்று சந்தியாகு கை தட்டினார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள்.

அப்படியானால் படகு என்பது எது என்று துரை கேட்டார். சந்தியாகு வடக்கே கை காட்டினார். "அது தூத்துக்குடில. கப்பல் ஆழத்துல நிக்கும்லா, அங்க இருந்து மூட்டைய ஏத்தி எறக்குற கம்பெனிக்காரன் சாமானு. அதுதான் படகு. எங்க கரையில படகு ஏது? இங்கன உள்ளது வள்ளமும் மரமும்தான்." மரம் என்றால் கட்டுமரம். துரை இதையும் என்னிடம் கேட்டுத் தெளிவாகப் புரிந்துகொண்டார். பிறகு சந்தியாகு அவரை வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நான் கரையிலேயே நின்றுகொண்டேன், எனக்குக் கடல் ஆகாது. திரும்பி வந்த துரையின் கால்சட்டை முழுக்க நனைந்திருந்தது. காரில் போகும்போது சின்னப் பிள்ளை மாதிரி "வள்ளம், வள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு கரை ஊர்களில் அவர் வாயிலிருந்து படகு என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. நாக்கை மடக்கி 'வள்ளம்' என்றுதான் சொல்வார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அவருக்குத் தெரியும் என்பதைப் படிப்பவர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் கொழும்பு வரைக்கும் வந்துவிட்டது. அங்கே குண்டு விழுந்ததும் இங்கே சர்க்காருக்கு உதறல் எடுத்தது. ஜப்பான்காரன் நம் கரையில் இறங்குவான், இறங்கினால் இங்கே கிடப்பதை எல்லாம் எடுத்துக்கொள்வான் என்று பயம். மேலிடத்திலிருந்து எங்கள் பகுதிக்கு ஓர் உத்தரவு வந்தது. தமிழில் ஆக்கி, அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள். அதன் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கடற்கரையிலுள்ள படகுகள் யாவும் குறித்த தேதிக்குள் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒப்புவிக்கப்படல் வேண்டும். தவறுமிடத்து அவை நிர்மூலமாக்கப்படும்."

இந்த மாதிரி உத்தரவை ஊருக்குச் சொல்ல ஒரு முறை இருந்தது. தாலுகாவிலிருந்து கிராம முன்சீப்புக்குத் தாள் போகும். தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு முன்னால் போவார். கோயில் முன்னால் ஒரு தடவை, கிணற்றங்கரையில் ஒரு தடவை, கடற்கரையில் ஒரு தடவை நிறுத்தித் தாளில் உள்ளதை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது எழுத்து மாறக் கூடாது. விளக்கம் சொல்லவே கூடாது, சொன்னால் வேலை போகும். ஒரு தலையாரி நல்ல எண்ணத்தில் விளக்கம் சொல்லப் போய், அதுவே வில்லங்கமான சமாசாரம் எல்லாம் உண்டு. வாசித்து முடித்ததும் ஊரில் இரண்டு பெரிய மனிதர்கள் 'கேட்டோம்' என்று கைநாட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான், உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது.

அந்தக் கரை ஊரிலும் அப்படியே நடந்தது. நான் அப்போது துரையோடு வேறு காம்பில் இருந்தேன். ஊர் கூடி நின்று கேட்டதாம். படகு என்றால் தூத்துக்குடிக் கம்பெனிக்காரனுக்கு ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கைநாட்டு வைத்த இருவரில் ஒருவர் சந்தியாகு. அவர் பொய் சொல்லவில்லை, கேட்டது உண்மைதானே.

குறித்த தேதி கடந்த மறுநாள் காலையில் துரையும் நானும் அந்த ஊருக்குப் போனோம். பின்னால் ஒரு லாரியில் போலீஸ்காரர்கள். எல்லாரும் வள்ளத்தைக் கொண்டுபோயிருப்பார்கள், கரை காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பனைமரங்களைத் தாண்டிக் கார் திரும்பியது. வள்ளங்கள் அத்தனையும் மணலில் வரிசையாகக் கிடந்தன. கட்டுமரங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒருவர் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்.

சந்தியாகு எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். பயந்து அல்ல, விருந்தாளியைப் பார்த்த சந்தோஷத்தில். கையில் நுங்குக் குலை.

"வாங்க தொர! கச்சேரி அண்ணாச்சி, வாங்க! சோக்கா காத்து இருக்கு. வள்ளத்துல ஒரு சுத்து போவமா?" என்றார்.

நான் அவரைத் தனியாக இழுத்துப் போய், "ஏன்வே வள்ளத்தக் கொண்டுபோகல? தமுக்கு அடிச்சாங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"அடிச்சாவ. படகுக்குல்லா அடிச்சாவ? எங்கட்ட படகு ஏது?"

"கடைசியில என்ன சொன்னாங்க, அதக் கேட்டீரா?"

"என்னமோ மூலம்னு சொன்னாவ. மூல வியாதிக்கு ஊசி போட வாராவ போலன்னு பேசிக்கிட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது.

நான் துரையிடம் ஓடினேன். அன்றைக்கு முதல் முறையாக அவருடைய கண்டிப்பை மீறினேன். சொன்னதைச் சொல்லவில்லை, அவர்கள் நினைத்ததைச் சொன்னேன். ஐயா, இவர்கள் மீறவில்லை, இவர்களுக்குப் புரியவில்லை. இந்தக் கரையில் படகு என்றால் வேறு. உங்களுக்கே தெரியும். தெற்கே இருந்து காற்று அடிக்கிறது. பாய் விரித்தால் பொழுது சாய்வதற்குள் தூத்துக்குடிக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கு ஒரு நாள் விட்டால் போதும். இப்படி என்னென்னவோ சொன்னேன், என் இங்கிலீஷ் கன்னாபின்னாவென்று போயிற்று.

துரை குறுக்கிடாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "எனக்குத் தெரியும். வள்ளம் என்றால் என்ன என்று இந்த மனிதர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் சர்க்காருக்கு அந்தச் சொல் தெரியாது. புரியவில்லை என்பவர்களுக்கெல்லாம் உத்தரவு பொருந்தாது என்று நான் ஆரம்பித்தால், நாளை எந்த உத்தரவு நிற்கும்? யுத்த காலம். நான் இங்கே விருந்துக்கு வரவில்லை."

தப்பாகப் புரிந்துகொண்டு செய்கிறார் என்றால் திருத்தலாம். அதுதானே என் வேலை, அதற்குத்தானே சம்பளம்? எல்லாம் தெரிந்த ஒருவர், தெரியும் என்று சொல்லிக்கொண்டே செய்கிறபோது எதைத் திருத்துவது? அரசாங்கம் என்றால் தப்புச் செய்யும், எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்ளும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நினைப்பு அந்த மணலிலேயே போய்விட்டது.

துரை சந்தியாகுவின் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். தமிழில், தானே சொன்னார்: "வருந்துகிறேன். உம்முடைய படகு எரிக்கப்பட வேண்டும்."

சந்தியாகுவுக்கு அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். இத்தனை நாள் பழகியும் தொர மறந்துவிட்டாரே என்று நினைத்தாரோ என்னவோ, முன்போலவே மெதுவாகத் திருத்தினார்.

"வள்ளம், தொர."

துரை போலீஸ்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

லாரியிலிருந்து மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது மண்ணெண்ணெய் ரேஷன். கரை ஊர்களில் வீட்டுக்கு ஒரு புட்டி கிடைப்பதே பெரும்பாடு, பல வீடுகளில் பொழுது சாய்ந்தால் விளக்கே கிடையாது. சந்தியாகுவின் மனைவி பிலோமி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். பீப்பாயைப் பார்த்ததும் அவளுக்கு வள்ளம்கூட முதலில் நினைவுக்கு வரவில்லை.

"எம்மா! இத்தன எண்ணெயா! சூசையப்பர் சாமியே! பிள்ள பேறுகாலத்துக்கு ஒரு சொட்டு இல்லன்னு சொன்னியளே, இது எங்க இருந்துய்யா வந்துச்சு?" என்று கத்தினாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி துரை என்னைப் பார்க்கவில்லை.

சந்தியாகு ஒன்றே ஒன்று கேட்டார். அணியத்தில் இருந்த சிலுவையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று. "நிச்சயமாக" என்றார் துரை. ஆணியை எடுக்கச் சுத்தியல் கிடைக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் தன் கத்தியைக் கொடுத்தார். சந்தியாகு நெம்பி எடுக்கும்வரை எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையைத்தான் என்னால் இன்றும் சகிக்க முடியவில்லை.

மீன் எண்ணெயில் ஊறிய மரம், பிடித்ததும் பற்றிக்கொண்டது. ஒன்றன் பின் ஒன்றாக வள்ளங்கள் எல்லாம் எரிந்தன. கட்டுமரங்களின் கயிற்றை அறுத்து, மரத்தைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார்கள். 'அலங்கார மாதா' என்ற வெள்ளை எழுத்து கருத்து, கொப்பளித்து, உதிர்ந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் அழவில்லை. அவர்களுக்கு நடப்பது இன்னும் புரியவில்லை என்று எனக்குப் பட்டது. யாரோ வந்து, தப்பு நடந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று சொல்லப்போகிறார்கள் என்று பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது காரில் துரையின் கண் சிவந்திருந்தது. புகையாலா, வேறு எதனாலா, தெரியாது. பிறகு கேட்டார்: "'நிர்மூலம்' என்பது சமஸ்கிருதச் சொல்தானே?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் தன் சம்பளத்திலிருந்து அந்த ஊருக்கு அரிசி மூட்டை அனுப்பியதாகப் பிற்பாடு பியூன் சொன்னான். கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜப்பான்காரன் வரவே இல்லை. அந்த ஊர்க்காரர்கள்தான் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனார்கள். சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், சிலர் உப்பளத்துக்குப் போனார்கள். சந்தியாகுவை ஒரு தடவை மாப்பிள்ளையூரணிப் பக்கம் பார்த்தேன். தலையில் உப்புப் பெட்டி. காலெல்லாம் வெடித்து ரணமாக இருந்தது. "கடலும் உப்பு, இதுவும் உப்புதான அண்ணாச்சி. ஆனா இங்கன மீனு இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். நின்று பேச மேஸ்திரி விடவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. கச்சேரியில் புதுக் கொடி ஏற்றியபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். மைத்துனரிடம் போய், நீர் சொன்னதுதான் சரி என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் அந்தக் கரை மாதிரி ஒன்று நடக்காது, நடக்க விடமாட்டார்கள் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே ஓர் உத்தரவு வந்தது. யுத்த காலத்தில் சர்க்கார் உத்தரவால் படகு இழந்தவர்களுக்குப் புதிதாகக் கட்டிக்கொள்ள மரம் கொடுக்கப்படும் என்று. மரம் அப்போது கண்ட்ரோலில் இருந்தது. காசு வைத்திருந்தாலும் நல்ல மரம் கிடைக்காது. உத்தரவைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம், அடுத்து அந்தச் சொல் கண்ணில் பட்டது. படகு. மறுபடியும் படகு.

இந்தத் தடவை தமுக்கை நம்பி நான் உட்கார்ந்திருக்கவில்லை. லீவு போட்டுவிட்டு நானே அந்த ஊருக்குப் போனேன். சந்தியாகு உப்பளத்திலிருந்து ஊருக்கு வந்திருந்தார். எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்: "விசாரணைக்கு வரும்போது வள்ளம்னு வாயத் தொறக்கக் கூடாது. படகுன்னு சொல்லணும். படகு எரிஞ்சுது, அவ்வளவுதான்."

சந்தியாகு என்னைப் பார்த்தார். "வள்ளத்த வள்ளம்னு சொல்லக் கூடாதா அண்ணாச்சி?"

"சொல்லக் கூடாது."

"மாதா பேரு வச்ச வள்ளம்."

"மரம் வேணுமா, வேண்டாமா? படகுன்னு சொல்லும்வே."

பக்கத்தில் பிலோமி, "சொல்லித் தொலைங்களேன். ஒரு வார்த்ததான" என்றாள். சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டு "படகு, படகு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஒரு காலத்தில் துரை "வள்ளம், வள்ளம்" என்று சொல்லிப் பழகியது எனக்கு ஞாபகம் வந்தது.

விசாரணை தூத்துக்குடியில். அதிகாரி நம்மவர். கதர்ச் சட்டை. எங்கள் பக்கத்துப் பேச்சு. எல்லாரையும் உட்காரச் சொன்னார், குடிக்க மோர் கொடுக்கச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் கச்சேரி வராந்தாவில்கூட உட்கார முடியாத ஜனங்கள் நாற்காலி நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். மொழிபெயர்க்க அங்கே நான் தேவைப்படவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் என் வேலை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று மனசு நிறைந்திருந்தது.

சந்தியாகு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மடியில் துணியில் சுற்றி அந்தச் சிலுவையைக் கொண்டுவந்திருந்தார், அத்தாட்சிக்கு.

"சொல்லும்வே. என்ன போச்சு?" என்றார் அதிகாரி.

சந்தியாகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "படகு, அய்யா."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. "படகா? எந்த ஊரு நீரு?"

சந்தியாகு ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"என்னவே, எங்கிட்டயே கத விடுதீரு? எங்க அம்மயப் பெத்த ஊரு அங்கன பக்கத்துலதான். சின்னதுல அந்தக் கடக்கரையிலதான் கெடப்பேன். ஒங்க ஊர்ல வள்ளம் உண்டு, கட்டுமரம் உண்டு. படகு ஏதுவே?"

நான் எழுந்து நின்றேன். "அய்யா, அன்னைக்கு எரிச்சது வள்ளத்தத்தான். வள்ளத்தத்தான் படகுன்னு சொல்லி எரிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். தொரைக்கு எடுத்தும் சொன்னேன்" என்றேன்.

"இருக்கும் சார், நீங்க பொய் சொல்லல" என்றார் அதிகாரி, மரியாதையாகவே. "அது வெள்ளக்காரன் செஞ்சது. அவனுக்குத் தமிழ் தெரியாது, வள்ளத்தையும் படகுன்னுட்டான். நமக்குத் தெரியும்லா? படகுன்னா படகு, வள்ளம்னா வள்ளம். பட்டாளத்துக்காரன் எடுத்துட்டுப் போயி ஒடச்சுப்போட்ட தொறமுகப் படகுக்குத்தான் இந்த மரம். நான் மாத்திக் குடுத்தா நாளைக்கு மேல இருந்து என்னையத்தான் கேப்பான்."

அந்தத் துரைக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? மரம் கம்பெனிக்காரர்களுக்குத்தான் போகப்போகிறது என்று புரிந்துவிட்டது. அன்றைக்கு மணலில் நின்றதைவிட இது கொடுமையாக இருந்தது. அன்றைக்கு எதிரே நின்றவன் அன்னியன் என்ற ஒரு ஆறுதலாவது இருந்தது.

சந்தியாகு நாற்காலியை விட்டு எழுந்தார். மடியிலிருந்த துணியை அவிழ்க்கவில்லை. கோபப்படவில்லை, கெஞ்சவுமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல முதலில் அதிகாரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பம் அன்னைக்கு எரிஞ்சது என்னது, அண்ணாச்சி?"

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அடுத்த ஆளும் அதே ஊர்தான்.